அந்த வெளுப்பு அழகல்ல... அளவுகோல்!

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முகூர்த்தப் பட்டு எடுக்க ஆரணிக்குக் கிளம்புகிறீர்கள். அங்கே எத்தனை உஷார்! "கடை லைட்டுல நிறம் ஏமாத்தும்மா, வாசல்ல கொண்டு போய்ப் பாரு" என்று அத்தை சொல்ல, புடவையை வெளிச்சத்துக்குக் கொண்டு வருகிறீர்கள். உடல் என்ன நிறம், பார்டர் என்ன நிறம், ஜரிகை அசல்தானா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மனசுக்குத் திருப்தி வந்தால்தான் பில்!

அதே கையோடு ஒரு மெடிக்கல் ஷாப்.

"அண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம். முகம் கொஞ்சம் பளிச்னு ஆகற மாதிரி ஒரு க்ரீம் குடுங்க."

"இதைப் போடச் சொல்லுங்கக்கா. ஒரே வாரத்துல தெரியும்."

அரை நிமிஷத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது. டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஆரணியில்தான் இப்படி என்றில்லை. உங்கள் ஊரிலும், என் ஊரிலும் தினமும் நடப்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர் சொன்னபடியே ஒரு வாரத்தில் 'தெரிகிறது'. முகம் வெளுக்கிறது. பரு அமுங்குகிறது. சிவப்பு மறைகிறது. "அட, நல்ல க்ரீம்தான்!" என்று அண்ணிக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கிறோம். அந்த டியூபுக்குள் இருந்தது ஸ்டீராய்டு என்றால், அந்த வெளுப்புக்கு அர்த்தமே வேறு. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் ஸ்டீராய்டு க்ரீமின் வீரியத்தை அளக்க விஞ்ஞானிகள் எதைப் பார்க்கிறார்கள் தெரியுமா? இதே வெளுப்பைத்தான்!

கையில் தடவினால் கதை தெரியும்

தோல் நோய்க்குப் பூசும் ஸ்டீராய்டு பிறந்தது 1952-ல். அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் கரப்பான் மீது பூசி, அரிப்பும் சிவப்பும் அடங்குவதைக் காட்டினார்கள். தோல் மருத்துவத்தில் அது ஒரு பெரிய திருப்பம். அதற்குப் பிறகு கம்பெனிகள் புதிது புதிதாக ஸ்டீராய்டுகளைத் தயாரிக்க ஆரம்பித்தன. எது வீரியம் அதிகம், எது குறைவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா?

1962-ல் மெக்கன்சி, ஸ்டவ்டன் என்ற இருவர் ஒரு சுலபமான வழி சொன்னார்கள். ஆரோக்கியமான ஆட்களின் முன்கையில் சின்னச் சின்ன இடங்களில் மருந்தைத் தடவினார்கள். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது!

காரணம் இதுதான். மேல்தோலுக்குக் கீழே நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஸ்டீராய்டு உள்ளே இறங்கியதும் அவை சுருங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது, தோல் வெளுக்கிறது. கரைசலை நீர்க்க நீர்க்கக் கலந்து வைத்தும் சோதித்தார்கள். மிகக் குறைந்த அளவிலேயே வெளுக்க வைத்தால் அது அதிக வீரியம். நிறைய இருந்தால்தான் வெளுக்கும் என்றால் அது சாது. அவ்வளவுதான் சூட்சுமம்! மருந்து கழுவப்பட்டு சில மணி நேரம் கழிந்தால் வெளுப்பும் மெல்ல மறைந்துவிடும்.

சாயப்பட்டறைக் கண்ணும் ஒரு மெஷினும்

வெளுப்பை எப்படி அளப்பது? ஆரம்பத்தில் கண்தான் கருவி. வெளுப்பே இல்லையென்றால் 0, நன்றாக வெளுத்திருந்தால் 3 அல்லது 4 என்று மார்க் போட்டார்கள். ஆரணியில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர் மாதிரி நூலைப் பக்கத்தில் வைத்து, "இன்னும் ஒரு பிடி அரக்கு வேணும்" என்று சொல்கிறாரே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். பழகின கண் ஏமாறாது. ஆனால் இரண்டு பேர் கண் ஒன்றுபோல இருக்காதே! மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் லேசான வெளுப்பைக் கண்ணால் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

அதனால் குரோமாமீட்டர் என்ற கருவி வந்தது. தோலின் மேல் வைத்து அழுத்தினால் ஒரு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து எவ்வளவு வெளிறியிருக்கிறது, எவ்வளவு சிவப்பு என்று எண்ணாகச் சொல்லிவிடும். துணி, பெயின்ட் தொழில்களிலும் நிறம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க இதே வகைக் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1995-ல் இதற்கென்று வழிமுறையே வெளியிட்டது. ஒரு கம்பெனியின் ஸ்டீராய்டு க்ரீமும் அதற்கு மாற்றாக வரும் இன்னொரு கம்பெனியின் க்ரீமும் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்பதற்கு இந்த வெளுப்புச் சோதனைதான் சாட்சி. இதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. எல்லோருடைய தோலும் ஒன்றுபோல வெளுப்பதில்லை. சிலருக்கு வெளுக்கவே வெளுக்காது! அப்படிப்பட்டவர்களைச் சோதனையில் சேர்ப்பதில்லை.

உடனே "நாமும் வீட்டில் தடவிப் பார்க்கலாமே" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இது ஆராய்ச்சிக் கூடத்துச் சமாச்சாரம். நமக்கு வேண்டியது அதன் முடிவுகள் மட்டும்தான்.

சதவிகிதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரு சின்னக் கேள்வி. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவிகிதம் என்று ஒரு டியூப். க்ளோபீட்டசால் 0.05 சதவிகிதம் என்று இன்னொரு டியூப். எது வீரியம்?

"1 சதவிகிதம்தான்" என்று சொன்னால் நீங்கள் அவுட்! டியூபின் மேல் இருக்கும் எண் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதன் பலத்தைச் சொல்வதில்லை. சர்க்கரையையும் மிளகாய்த்தூளையும் ஸ்பூன் கணக்கில் ஒப்பிட முடியுமா? வெளுப்புச் சோதனையையும் சிகிச்சை அனுபவத்தையும் வைத்து டாக்டர்கள் ஸ்டீராய்டு க்ரீம்களை வகை பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 7 வகுப்பு, பிரிட்டனில் 4. நமக்கு நாலே போதும்.

சாது: ஹைட்ரோகார்ட்டிசோன்.

நடுத்தரம்: க்ளோபீட்டசோன் பியூட்ரேட் போன்றவை. ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல 2 முதல் 25 மடங்கு.

வீரியம்: பீட்டாமெத்தசோன் வேலரேட், மோமெட்டசோன் போன்றவை. 50 முதல் 100 மடங்கு.

அதிவீரியம்: க்ளோபீட்டசால் ப்ரோபியோனேட். 600 மடங்கு வரை!

க்ளோபீட்டசோன், க்ளோபீட்டசால்... பெயரில் கடைசி எழுத்துகள்தான் வித்தியாசம். இரண்டுமே 0.05 சதவிகிதம் என்றுதான் அச்சடித்திருக்கும். ஒன்று நடுத்தரம், மற்றது உச்சம். "பேரு என்னமோ க்ளோபின்னு வரும்ணே" என்று கடையில் கேட்டு வாங்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

கைக்கு ஒன்று, முகத்துக்கு ஆறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெளுப்புச் சோதனை நடப்பது முன்கையில். நாம் க்ரீமைத் தடவுவதோ முகத்தில்!

1967-ல் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் போட்ட ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போய்ச் சிறுநீரில் வருகிறது என்று அளந்தார்கள். முன்கையில் தடவியதில் சுமார் 1 சதவிகிதம்தான் உள்ளே போனது. அதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்கு. நெற்றியில் 6 பங்கு. தாடையில் 13 பங்கு. ஆண்களின் விரைப் பகுதியில் 42 பங்கு!

ஒரே டியூப், ஒரே விரல். ஆனால் காலில் போட்டால் ஒரு மருந்து, முகத்தில் போட்டால் இன்னொரு மருந்து! தாத்தாவின் காலில் இருக்கும் தடித்த கரப்பானுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆயின்ட்மென்ட் பேத்தியின் கன்னத்துக்கு ஏன் ஆகாது என்பது இப்போது புரிகிறதா?

மூடி வைத்தால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே போகும் மருந்து 10 மடங்கு வரை கூடலாம். குழந்தைக்கு இடுப்பில் புண் என்று க்ரீம் தடவி, மேலே டயப்பர் கட்டுகிறோமே, அந்த டயப்பரும் பிளாஸ்டிக் மூடிதான்! குழந்தையின் உடம்பு எடைக்குத் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். கொஞ்சம் தடவினாலும் ரத்தத்தில் கலப்பது அதிகம்.

முன்கை சொல்லாத சேதி

வெளுப்புச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. அது சொல்வது ஒரே ஒரு நாள் கதை. ஆறு மாசம் தடவினால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

ஆறு மாசக் கதை இதுதான். ஆரம்பத்தில் ரத்தக் குழாய் சுருங்கி வெளுப்பு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களும் மந்தமாகின்றன. அதனால் 'கலர்' வந்த மாதிரி தெரிகிறது. நாளாக நாளாகத் தோல் மெலிகிறது. சுருங்கிச் சுருங்கி அலுத்துப்போன குழாய்கள் விரிந்து, சிவப்புக் கோடுகளாகக் கன்னத்தில் தெரிகின்றன. பரு கொத்துக் கொத்தாகக் கிளம்புகிறது. பெண்களுக்கு முகத்தில் பூனை முடி அடர்த்தியாகிறது. வெயிலில் போனால் எரிச்சல். கண் இமையில் தொடர்ந்து பட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வைக்கே ஆபத்து.

பயந்து நிறுத்தினால்? முகம் தீயாய்ச் சிவந்து எரிகிறது. திரும்பத் தடவினால் அடங்குகிறது. "இந்த க்ரீம் இல்லாட்டி என் முகத்துக்கு ஆகாது" என்று நினைத்துக்கொண்டு அடுத்த டியூப், அதற்கடுத்த டியூப்... காபி பழக்கம் மாதிரி தோலுக்கும் ஒரு பழக்கம் பிடித்துக்கொள்கிறது.

1975-ல் டூ விவியே, ஸ்டவ்டன் இருவரும் செய்த சோதனை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஒரே இடத்தில் தொடர்ந்து தடவத் தடவ, சில நாட்களிலேயே வெளுப்பு குறைந்துகொண்டே வந்தது. சில நாள் ஓய்வு கொடுத்ததும் தோல் மறுபடி வெளுத்தது. "முன்ன மாதிரி வேலை செய்யல" என்று இன்னும் வீரியமான க்ரீமைத் தேடிப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முகத்துக்கு நம் நாட்டில் பெயரே வைத்துவிட்டார்கள். 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று அதை அடையாளப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள் கௌஷிக் லாஹிரி, அரிஜித் கூண்டூ. 2011-ல் அபீர் சரஸ்வத்தும் மற்ற டாக்டர்களும் நாட்டின் 12 தோல் சிகிச்சை மையங்களில் நடத்திய ஆய்வு வெளியானது. முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்! அந்த 433 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த க்ரீமைச் சொன்னது டாக்டரே இல்லை. சுமார் 29 சதவிகிதம் பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவும், ஷேவிங்குக்குப் பிறகும், சும்மா பொதுவாகவும் பூசியவர்கள்.

தோல் மருத்துவர்கள் சங்கம் விடாமல் குரல் கொடுத்தது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்த தோல் க்ரீம்களும் இருந்தன. சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாம் சீட்டு இல்லாமல் கேட்பதை நிறுத்தினோமா?

படர்தாமரைக்கு விருந்து

தறிக்குழியில் காலை விட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வியர்வை தேங்கும். சாயத் தண்ணீரில் கை நனைப்பவருக்கு விரல் இடுக்கில் அரிப்பும் வெடிப்பும் வரும். நெசவு வீடு என்றில்லை, சமையலறையில் நாள் முழுக்க நிற்கும் நமக்கும் இதே கதைதான். இரண்டுமே அரிக்கும். ஆனால் கைக்கு வந்தது கரப்பானாக இருக்கலாம். இடுப்பில் வந்தது படர்தாமரையாக இருக்கலாம். கரப்பானுக்கு ஸ்டீராய்டு மருந்து. படர்தாமரைக்கோ அது விருந்து!

படர்தாமரை ஒரு பூஞ்சை. ஸ்டீராய்டு தடவினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும்; தோலின் எதிர்ப்பு சக்தியும் அடங்கும். உள்ளே பூஞ்சை சௌகரியமாகப் பரவும். வட்டமான ஓரம் அழிந்து உருவமே மாறிப்போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நம் நாட்டில் சில வருடங்களாகப் படர்தாமரை லேசில் அடங்குவதில்லை. வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு வகைப் பூஞ்சைக்கு 2020-ல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே இந்தியா! கண்டபடி ஸ்டீராய்டு கலவை க்ரீம் தடவியது இந்த நிலைமைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள்.

தேமல் மாதிரி வெளுத்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் எந்த க்ரீமும் தடவாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். அது தொழுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் முழுசாகக் குணமாகும்.

அப்படியானால் ஸ்டீராய்டே விஷமா?

இல்லவே இல்லை! கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களில் இதுபோல உதவும் மருந்து குறைவு. டாக்டர் எழுதிக் கொடுத்தும் "ஸ்டீராய்டாம், வேண்டாம்மா" என்று பயந்து குழந்தையை ராத்திரி பூரா சொறியவிடுவதும் தப்புதான். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள், எவ்வளவு... இந்த நாலும் சரியாக இருந்தால் அது நல்ல மருந்து.

'எவ்வளவு' என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. 1991-ல் லாங், ஃபின்லே இருவரும் சொன்ன 'விரல்நுனி அளவு' அது. பெரியவர்களின் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். ஒரு கை முழுவதற்கும் 3 அளவு, ஒரு காலுக்கு 6 அளவு. குழந்தைக்குத் தடவினாலும் அளப்பது உங்கள் விரலால்தான். எத்தனை அளவு என்பதை டாக்டர் சொல்வார். அதிவீரிய க்ளோபீட்டசாலுக்கு உச்சவரம்பும் உண்டு: வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் கூடாது.

இதையெல்லாம் கவனியுங்கள்

* வீட்டில் இருக்கும் தோல் க்ரீம் டியூப்களை எல்லாம் எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். சோன், சால், லோன் என்று முடியும் பெயர் இருந்தால் ஸ்டீராய்டாக இருக்கலாம். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபீட்டசால், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களை ஞாபகம் வையுங்கள்.

* 'ஆர்எக்ஸ்' என்ற குறியும் ஷெட்யூல் ஹெச் எச்சரிக்கையும் இருந்தால் டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்குங்கள்.

* ஒருவருக்கு எழுதிய டியூபை இன்னொருவர் தொடக்கூடாது. போன வருஷச் சீட்டைக் காட்டி இந்த வருஷம் வாங்கக்கூடாது.

* டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "இது எந்த வீரியம் டாக்டர்? முகத்தில் போடலாமா? எத்தனை நாளில் நிறுத்தணும்?" கேட்பதில் தப்பே இல்லை.

* மாசக்கணக்கில் முகத்தில் தடவி வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே டியூபைத் தூக்கி எறிய வேண்டாம். தோல் டாக்டரிடம் டியூபையே எடுத்துக்கொண்டு போங்கள். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது, இடையில் வரும் எரிச்சலை எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்வார். மெலிந்த தோல் ஓரளவு தேறிவிடும். தொடையிலும் அக்குளிலும் விழுந்துவிட்ட வரித் தழும்புகள் மட்டும் மறையாது.

கல்யாணப் பெண்ணுக்கு மாநிறம் ஒரு குறையே இல்லை. ஆரணிப் பட்டின் அரக்கும் பச்சையும் அந்த நிறத்தில்தான் எடுப்பாகத் தெரியும் என்று புடவை எடுத்துப் பழகின எந்த அத்தையைக் கேட்டாலும் சொல்வார். புடவையை வாசல் வெளிச்சத்தில் பார்க்கிற அதே கண்ணால் க்ரீம் டியூபையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். புடவை சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை?